ரையிஸ் ஷலபிக்கு நாலு பக்கம்

மடவை மீனுக்கு உப்பு வைக்கும்போது என்னிடம் யாரும் பேசக் கூடாது. எங்கள் தெருவில் இது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். செவுளைத் தூக்கி உள்ளே கல்லுப்பை விரலால் திணிக்க வேண்டும். பிறகு பீப்பாயில் தலையும் வாலுமாக மாற்றி அடுக்க வேண்டும். ஒரு மீனில் கை தவறினாலும் பீப்பாய் முழுக்கக் கெட்டுப்போகும். தின்றவன் ஆஸ்பத்திரியில் கிடப்பான், விற்ற நான் போலீஸ் ஸ்டேஷனில் கிடப்பேன். ஷம்முன்னஸீம் பண்டிகைக்கு போர்ட் சயீதில் பாதிப் பேர் என் கடை மீனைத்தான் பச்சை வெங்காயத்தோடு தின்கிறார்கள். அதனால் அதற்கு முந்தின ஒரு மாதம் நான் பெண்டாட்டியிடம்கூட வாய் திறப்பதில்லை. அவளுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

அன்றைக்கு என் கெட்ட நேரம், கரீமான் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். எங்கள் தெருவில் சிம்சிமியா என்கிற கம்பி வாத்தியம் வாசிக்கிற குழுவுக்குத் தலைவர் ரையிஸ் ஷலபி. அவருடைய பெண்டாட்டி இவள். ஷலபியின் தங்கை தௌலத் என் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் குடியிருந்தாள். நாத்தனார் வீட்டுக்குப் பருப்புச் சல்லடை வாங்கப் போனவள், சல்லடை இல்லாமல் சத்தத்தோடு வந்தாள்.

“அபூ வஃபா அண்ணே, நீங்களே நியாயம் சொல்லுங்க. கூடப் பொறந்த தங்கச்சி புருஷன், எங்க வீட்டு மனுஷன் மூஞ்சிய நாலு பக்கமும் வரைஞ்சு வச்சிருக்கான்! நேரா ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு, பொடதி ஒண்ணு. பொடதியக்கூட விடலண்ணே!”

“நல்லா வரைஞ்சிருக்கானா?” என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“அதத்தான் சொல்றேன், உரிச்சு வச்ச மாதிரி இருக்கு! எம்பொண்ணுக்கு நிச்சயம் பண்ற நேரமாப் பாத்து இந்த மனுஷன எரிக்கப் போறாங்க. எரிச்ச வீட்டுல எவன் பொண்ணு எடுப்பான்?”

வெளியூர்க்காரன் கேட்டால் சிரிப்பான். எங்கள் ஊரில் யாரும் சிரிக்க மாட்டார்கள். பண்டிகைக்கு முதல் நாள் ஒவ்வொரு தெருவும் ஒரு வைக்கோல் பொம்மையை மேடையில் நிறுத்தி, சிம்சிமியா வாசித்து எரிக்கும். அந்த வருஷம் தெருவின் வயிற்றெரிச்சலை யார் கொட்டிக்கொண்டாரோ, பொம்மைக்கு அவருடைய முகம். முச்சந்தியில் நிற்கிற பொம்மையை எல்லாப் பக்கமிருந்தும் ஜனம் பார்க்கும் என்பதால், முதலில் ஆளை நாலு பக்கமும் வரைந்துகொண்டு, பிறகுதான் வைக்கோலில் கை வைப்பார்கள். வேறு எதற்காகவும் எங்கள் பக்கத்தில் ஒருவனுடைய பிடரியை யாரும் வரைந்ததில்லை.

அந்தப் படங்களை ஒரு காலத்தில் வரைந்துகொண்டிருந்தவன் தௌலத்தின் புருஷன், இதே பையூமிதான். கடைசியாக வரைந்தது ரொட்டிக்கடை மன்ஸியை. மன்ஸி மாவில் கலப்படம் செய்தான் என்று தெரு சொன்னது. பொம்மை அச்சு அசல் மன்ஸி. எரித்த மறுவாரம் அவன் மகளுக்குப் பேசியிருந்த சம்பந்தம் முறிந்தது. கடையைப் பூட்டிக்கொண்டு தம்யாத் பக்கம் போனவன் திரும்பி வரவே இல்லை. பையூமி பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சிம்சிமியாவை எடுத்தான். அதற்கப்புறம் தெரு, பேப்பரில் படம் வருகிற பெரிய மனுஷர்களைத்தான் எரித்தது. ஷலபி அவனைக் குழுவில் சேர்த்தார், அப்புறம் தங்கையையும் கொடுத்தார். கையும் நல்ல கை. அவன் ஐந்தாவது கம்பியைத் தொட்டால் கால்வாயில் போகிற கப்பல்காரன்கூட எட்டிப் பார்ப்பான்.

போன குளிர்காலத்தில் அதே கம்பி அறுந்து அவன் விரலைக் கிழித்தது. விரல் வீங்கி, சில வாரம் வாசிக்க முடியவில்லை. சும்மா இருக்கத் தெரியாத மனுஷன், இடது கையால் தாளின் பின்பக்கத்தில் கிறுக்க ஆரம்பித்தான். விரல் ஆறியது, கிறுக்கல் நிற்கவில்லை. பிறகு தாள்கள் நடக்க ஆரம்பித்தன. ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வரைந்து, போனில் படம் பிடித்து, கம்ப்யூட்டரில் ஓட்டினால் கோடு எழுந்து நடக்கிறது. கார்ட்டூன் செய்கிறான் என்று தெருவில் சொன்னார்கள். ஐம்பதை நெருங்குகிறவனுக்குக் கார்ட்டூன்.

பையூமி ஆள் மோசமில்லை. ‘ஆகட்டும்’ என்கிற ஒரு சொல்தான் அவனுக்கு எதிரி. இஸ்மாயிலியாவில் பொம்மலாட்டக்காரர்கள் பாட்டு போட்டுத் தரச் சொன்னார்கள், ஆகட்டும். கலாசார மாளிகையில் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடு என்றார்கள், ஆகட்டும். சாயங்காலம் காபிக்கடையில் ஷலபியின் குழு, நடுவில் யாரோ ஒரு பாட்டுக்காரனுக்கு மெட்டு, இதற்கெல்லாம் மேலே இந்தக் கார்ட்டூன். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பார்கள். இவனுக்கு இருந்த கால்கள் போதவில்லை. எங்கேயும் போய்ச் சேர்ந்தான், எங்கேயும் நேரத்துக்குப் போகவில்லை.

கரீமான் போன சூட்டோடு ஷலபி வந்தார். ஒரு காலத்தில் படகில் போய்க் கப்பல்காரர்களிடம் தோல் மெத்தையும் பித்தளை ஒட்டகமும் விற்றவர். ஆறு பாஷையில் சத்தியம் செய்யத் தெரியும், ஒரு பாஷையிலும் மெதுவாகப் பேசத் தெரியாது.

“அபூ வஃபா, கையைக் கழுவு. சாட்சிக்கு வா.”

“உப்புல கை வச்சிருக்கேன் ரையிஸ்.”

“உப்புக் கையோட வா. துரோகத்துக்கு அதுவே ஜாஸ்தி.”

மேலே தௌலத் வெங்காயத்தைக் கருகக் கருக வதக்கிக்கொண்டிருந்தாள், மீன் சோற்றுக்கு. வீட்டுக்குள் கம்சீன் புழுதிக்காற்று நேராக வந்தது. ஜன்னலில் கண்ணாடி இல்லை. அது மேசைமேல் கிடந்தது, அடியில் பல்பு எரிந்தது. அதன்மேல் தாளை வைத்துப் பையூமி குனிந்திருந்தான்.

“பாத்தீங்களா அண்ணே,” என்றாள் தௌலத், என்னைப் பார்த்து. “ஜன்னலக் கழட்டி மேசையாக்கிட்டாரு. ஊர்ப் புழுதியெல்லாம் எங்க சோத்துலதான். கேட்டா, வெளிச்சம் கீழேருந்து வரணுமாம். எல்லார் வீட்டுலயும் வெளிச்சம் மேலேருந்துதான் வருது.”

ஷலபி சுவரைப் பார்த்தார். அங்கே அவரே நாலு முறை ஆணியில் தொங்கினார்.

“மாப்ள, நான் உனக்கு என்னடா பண்ணேன்?”

“ரையிஸ், இது பொம்மைக்கு இல்ல.”

“நாலு பக்கம் பொம்மைக்கு இல்லாம, பாஸ்போர்ட்டுக்கா?”

“படத்துல ஒரு ஆளு திரும்பணும்னா, திரும்பினா எப்படி இருப்பான்னு எனக்குத் தெரியணும்ல. மூக்கு எங்க போகும், காது எங்க வரும்… அதுக்குத்தான்.”

“அதுக்கு எம்மூஞ்சிதான் கெடச்சுதா?”

“இருபது வருஷமா எதிர்ல உக்காந்து வாசிக்கிறேன். எனக்கு இத விட நல்லாத் தெரிஞ்ச மூஞ்சி இல்ல ரையிஸ்.”

அந்தப் பதில் ஷலபிக்குப் பிடித்துவிட்டது என்று நினைக்கிறேன். கரீமானும் பின்னாலேயே வந்திருந்தாள். சரி, ஓட்டிக் காட்டு என்றார். பையூமிக்குப் புத்தி இருந்திருந்தால் கரண்ட் இல்லை என்று சொல்லியிருப்பான். ஆகட்டும் என்றான்.

திரையில் ஷலபி படகில் நின்றார். கொஞ்சம் இளைத்த ஷலபி, ஆனால் அதே மீசை, அதே தோள் குலுக்கல். துடுப்பு போட்டார். கப்பல் பக்கத்தில் போய்க் கையை ஆட்டிக் கூவினார். உண்மையான ஷலபி முட்டியில் அறைந்து சிரித்தார்.

“அட, நாயே! நான்தான்! கரீமான், பாருடி, இடது கால் முன்னாடி வச்சு நிக்கிறேன் பாரு!”

“தொப்பையக் கொறச்சதுக்கு உங்க மாப்ளைக்கு ஒரு முத்தம் குடுங்க,” என்றாள் அவள்.

படம் ஓடியது. படகுக்காரன் மெத்தையை விற்றான், ஒட்டகத்தை விற்றான். கப்பல் இன்னும் கேட்டது. போட்டிருந்த கோட்டைக் கழற்றி விற்றான். துடுப்பை விற்றான். தெருவுக்குள் போய்க் கதவையும் ஜன்னலையும் கழற்றிக்கொண்டு வந்து விற்றான். கடைசியில் பாடிக்கொண்டிருந்த ஜனங்களின் வாயிலிருந்து பாட்டைத் துணி மாதிரி உருவி, சுருட்டி, முழம் போட்டு விற்றான். கப்பல் போய்விட்டது. துடுப்பில்லாத படகில் அவன் ஒருத்தன். வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. அதோடு முடிந்தது.

அடுப்பில் வெங்காயம் தீய்ந்த வாடை வந்தது. யாரும் எழுந்து போகவில்லை.

ஷலபிமேல் குறை இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். உல்லாசக் கப்பல்காரர்களுக்காகக் குழுவை வாரம் இரண்டு நாள் கூட்டிப் போனார். அங்கே டேப்பில் பாட்டு ஓடும், இவர்கள் கம்பியைத் தொடுவதுபோல் தொட வேண்டும். காபிக்கடையில் வட்டமாக உட்கார்ந்து பாடுகிற வழக்கம் அதனால் குறைந்துபோனது. தெருவில் முணுமுணுப்பு இருந்தது. ஆனால் குழுவில் ஒருவன் வீட்டிலும் அந்தக் குளிர்காலத்தில் அடுப்பு அணையவில்லை.

“இது நானா?” என்றார் ஷலபி. இவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

“மூஞ்சி மட்டும்தான் ரையிஸ்.”

“மூஞ்சிக்கு மேல மனுஷனுக்கு என்னடா இருக்கு?” சத்தம் திரும்பி வந்துவிட்டது. “பொம்மைய எரிச்சா ஒரு நாளோட போச்சு. சாம்பலக் கூட்டித் தள்ளிருவாங்க. இது தெனமும் எரியும்லடா! போன்ல எரியும், எம்பேரன் காலத்துலயும் எரியும்! சரி, நான் பாட்ட வித்தேன். கப்பல்ல எம்பக்கத்துல உக்காந்து சும்மா கம்பியத் தடவினது யாரு? உன் மூஞ்சி எங்கடா இந்தப் படத்துல? எல்லாரோட பொடதியும் தெரியுது உனக்கு. உன் பொடதி மட்டும் தெரியாது.”

 பையூமி ஷலபியின் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தான், கோபத்தில் அது எப்படிப் பக்கவாட்டில் நகர்கிறது என்று. அதை நான் பார்த்தேன். தௌலத்தும் பார்த்தாள்.

“அண்ணே, உக்காருங்க,” என்றாள் அவள். “மூஞ்சிய மாத்திருவாரு. வேற எவன் மூஞ்சியாவது வச்சுக்குவாரு. நான் சொல்றேன்ல.”

“நீ சொன்னாப் போதுமா?”

“வாப்பா கபுரு மேல சத்தியம். போதுமா?”

ஷலபி தங்கையைப் பார்த்தார். அந்த வீட்டில் தகப்பனைப் புதைத்த கபர்மேல் சத்தியம் வைத்தால் அப்புறம் பேச்சு கிடையாது. “மாப்ள, கேட்டியா?”

“ஆகட்டும் ரையிஸ்,” என்றான் பையூமி.

அடுத்த இரண்டு வாரமும் தௌலத் ரப்பரும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். சமையல் முடிந்தால் தாள், துணி துவைத்தால் தாள். அண்ணன் முகத்தை ஒவ்வொன்றாக அழித்தாள். மீசை, மூக்கு, கண். உடம்பை மட்டும் விட்டுவிட வேண்டும், கோடு கலையக் கூடாது. அழித்த தூளை உள்ளங்கையால் தள்ளித் தள்ளி அவள் கை ஓரமெல்லாம் கரியாகிவிட்டது. மீன் வாங்க வந்தபோது காட்டினாள்.

“என் கையாலயே எங்கண்ணன் மூஞ்சியத் தொடச்சிட்டு இருக்கேன், பாருங்கண்ணே. நல்லதுக்குத்தான்னாலும் ஒரு மாதிரி இருக்கு.”

“அவன் வேற மூஞ்சி வரையறானா?”

“வரையறாரு. நடுவுல இஸ்மாயிலியாவுக்கு ஓடுறாரு, பிள்ளைங்க கிளாஸுக்கு ஓடுறாரு, வந்தா தூங்குறாரு. புது மூஞ்சி அந்த ஒடம்புல உக்கார மாட்டேங்குதாம். எவனோ அண்ணனோட சட்டையப் போட்டுட்டு நடக்குற மாதிரி இருக்காம்.”

“உனக்கு எப்படி இருக்கு?”

“எனக்கு நல்லாத்தான் இருக்கு. நான் என்ன ஆர்ட்டிஸ்டா?”

பண்டிகைக்கு முந்தின வியாழக்கிழமை கலாசார மாளிகையில் படம் போட்டார்கள். திரைக்குக் கீழே ஷலபியின் குழுவே வாசிப்பதாக ஏற்பாடு. ஷலபி சாம்பல் நிறக் கோட்டு போட்டு வந்தார். வாசிக்காமல் முதல் வரிசையில் உட்கார்ந்தார், ஏனென்றால் மகளைப் பெண் கேட்டு வந்திருந்த சம்பந்தி வீட்டாரையும் கூட்டி வந்திருந்தார். எங்கள் வீட்டு மாப்பிள்ளை செய்த படம் என்று அவரே அவர்களிடம் சொன்னதை நான் பின்னால் இருந்து கேட்டேன். தங்கையின் சத்தியத்தை அந்த மனுஷன் அப்படி நம்பினார்.

விளக்கு அணைந்தது. திரையில் படகு வந்தது. படகில் ஷலபி நின்றார். மீசையோடு, தோள் குலுக்கலோடு, நாலு பக்கமும் ஷலபி.

சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. ஜனம் திரையைப் பார்த்தது, முதல் வரிசையைப் பார்த்தது, மறுபடியும் சிரித்தது. பாட்டை முழம் போடுகிற இடத்தில் விசில் அடித்தார்கள். ஷலபி எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. முட்டியில் கை வைத்து, கடைசிவரை பார்த்தார். விளக்கு வந்ததும் சம்பந்தி வீட்டுக்காரரிடம், “நல்லா வரைஞ்சிருக்கான்ல?” என்று கேட்டுவிட்டு வெளியே நடந்தார்.  பையூமி கீழே வாசித்துக்கொண்டே இருந்தான். அன்றைக்கு வாசித்தது போல் அவன் வாழ்நாளில் வாசித்ததில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

மறுநாள் காலை மூன்றாம் மாடிச் சத்தம் கண்ணாடி இல்லாத ஜன்னல் வழியாகத் தெரு முழுக்கக் கேட்டது.

“எதுக்கு மாத்தல? அத மட்டும் சொல்லுங்க. எதுக்கு மாத்தல?”

“நேரமில்ல தௌலத். இஸ்மாயிலியா பாட்டு அவங்களுக்குச் செவ்வாய்க்கெழமை வேணும்னாங்க…”

“நேரமில்லையா? நான் ரெண்டு வாரம் அழிச்சேனே, அந்த நேரம் யாரு நேரம்?”

“அழிச்சதால படம் ஒண்ணும் கெட்டுப்போகல. அதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் போட்டோ எடுத்து வச்சிருந்தேன்.”

 கீழே நாங்கள் நாலைந்து பேர் வேலையை நிறுத்திவிட்டு அண்ணாந்து நின்றோம். வெட்கமில்லாமல்தான் நின்றோம்.

“அப்போ நான் அழிச்சிட்டு இருந்தப்பவே உங்களுக்குத் தெரியும்.”

“முயற்சி பண்ணிப் பாத்தேன். வேற மூஞ்சி வச்சா படம் செத்துப்போகுது. உனக்குப் புரியாது. சனங்க கை தட்டினாங்களே, கேட்டல்ல?”

“எங்க வாப்பா கபுரு மேல சத்தியம் பண்ணேன்.”

“நான் பண்ணச் சொல்லலியே.”

இந்தச் சொல்லைக் கேட்டதும் என் பக்கத்தில் நின்ற வெங்காயக்காரன் நாக்கைக் கடித்துக்கொண்டான். அவனுக்கே மூன்று பெண்டாட்டி கதை உண்டு, அவனுக்கே பொறுக்கவில்லை.

ஷலபி சும்மா இருக்கவில்லை. பையன்களைக் கூட்டி, என் கடைக்கு எதிரே முச்சந்தியில் மேடை போடச் சொன்னார். இந்த வருஷம் பொம்மை யார் என்று யாரும் கேட்கவில்லை. பையன்கள் வழக்கப்படி வீடு வீடாகப் பழைய துணி கேட்டுக் கூவிக்கொண்டு போனார்கள். மூன்றாம் மாடிக்குக் கீழே வந்ததும் கூவத் தயங்கி நின்றார்கள். தௌலத் பால்கனிக்கு வந்து ஒரு நீலச் சட்டையை வீசினாள். இஸ்திரி போட்டிருந்தது. அவர்கள் நிக்காஹ் அன்று பையூமி போட்டிருந்த சட்டை.

“மத்தது பொருந்தாது. அளவு இதுதான்,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

சட்டை கிடைத்தது, முகம் கிடைக்கவில்லை. நாலு பக்கம் வரைய எங்கள் தெருவில் இருந்தது ஒரே ஒரு ஆள். பையன்கள் மனக்கணக்கில் ஒரு தலையைச் செய்து வைத்தார்கள். கத்தரிக்காய்க்கு மீசை முளைத்த மாதிரி இருந்தது. வருகிறவன் போகிறவன் எல்லாம் நின்று, யார் இது, யார் இது என்றான். ஒருத்தி மின்சார ரீடிங் எடுப்பவன் என்றாள், நல்லா வேணும் என்று ஒரு செருப்பும் எறிந்தாள். ஷலபி தலையைப் பிய்த்துக்கொண்டார். ஆளே தெரியாத பொம்மையை எரித்தால் தெருவுக்குத்தான் கேவலம்.

“மூக்கக் கொஞ்சம் நீட்டுங்கடா! அவன் மூக்கு இப்படியா? கண்ணு ரெண்டும் தூங்கி வழியணும்!”

“இப்படியா ரையிஸ்?”

“இப்போ எங்க மாமியார் மாதிரி இருக்கு. மாத்து.”

பண்டிகைக்கு முதல் நாள் மத்தியானம். காற்று நின்று, வெயில் உப்பு மாதிரி காந்தியது. என் கடையில் பீப்பாய் திறந்து வியாபாரம் தலைக்கு மேல். அப்போது பையூமி இஸ்மாயிலியாவிலிருந்து சிம்சிமியாவைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். கூட்டம் வழி விட்டது. மேடைமேல் தன் நீலச் சட்டையைப் பார்த்தான். நாங்கள் எல்லாரும் அவன் முகத்தைப் பார்த்தோம். ஷலபி மேடைப் படியில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டு காத்திருந்தார். இந்த நிமிஷத்துக்காகத்தான் அவர் இத்தனையும் செய்தார்.

பையூமி பொம்மையைச் சுற்றி வந்தான். ஒரு முறை, இன்னொரு முறை.

“மூக்கு தப்பு,” என்றான்.

சட்டையின் தோளைத் தொட்டுப் பார்த்தான்.

“தோளும் தப்பு. என் வலது தோள் எறக்கமா இருக்கும், சிம்சிமியா மாட்டி மாட்டி. அபூ வஃபா, ஒரு தாள் குடுங்க.”

மீன் மடிக்கிற பழுப்புத் தாளைக் கொடுத்தேன். கொடுக்காமல் இருந்திருக்கலாம், கை தானாகப் போய்விட்டது. காலிப் பீப்பாயைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து வரைய ஆரம்பித்தான். நேராக ஒன்று. வழுக்கை ஏறுகிற நெற்றி, எல்லாவற்றுக்கும் ஆகட்டும் சொல்கிற வாய். தன்னைத்தானே இப்படி இரக்கமில்லாமல் ஒருவன் பார்த்து நான் கண்டதில்லை. பிறகு இடப் பக்கம், வலப் பக்கம். பையன்கள் வாய் பிளந்து நின்றார்கள். நாலாவதில் பென்சில் நின்றது.

அண்ணாந்து பால்கனியைப் பார்த்துக் கூப்பிட்டான்.

“தௌலத்! என் பொடதி எப்படி இருக்கும்?”

அவள் அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள், கொடியில் காய்ந்த துணியை மடித்தபடி. அவள் எதையாவது எடுத்து அவன் தலையில் போடுவாள் என்று நினைத்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“உச்சிக்குக் கீழ ரெண்டு சுழி,” என்றாள். குரலில் ஒன்றுமே இல்லை. “காலருக்கு மேல மடிப்பு. எடது காதுக்குப் பின்னாடி முடி வளராது. கழுத்து முன்னாடி குனிஞ்சே இருக்கும்.”

“மடிப்பு ஒண்ணா ரெண்டா?”

“படுத்து எந்திரிச்சா ரெண்டு.”

அவன் வரைந்தான். பையன்களிடம் தாளைக் கொடுத்ததோடு விடாமல், மேடையேறி அவனே தலையைப் பிரித்து வைக்கோலை மாற்றித் திணித்தான். அஸருக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் மேடைமேல் இரண்டு பையூமி நின்றார்கள். செருப்பு எறிந்தவள் திரும்பி வந்து பார்த்துவிட்டு, “அய்யோ, நம்ம பையூமி!” என்று நெஞ்சில் கை வைத்தாள்.

ஷலபி என் கடையில் வந்து உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார்.

“இவன என்னடா பண்றது அபூ வஃபா? செருப்பால அடிச்சா, செருப்பு நல்ல செருப்புன்னு சொல்றான்.”

இருட்டில் தீ வைத்தால் போலீஸ் வரும் என்பதால் சூரியன் சாயும்போதே எரித்துவிடுவது என்று முடிவு. தெருக்காரர்கள் வட்டம் கட்டினார்கள். ஸ்பூன் தட்டுகிறவர்களும் தப்லாக்காரனும் வந்தாயிற்று. சிம்சிமியா இல்லாமல் எரித்த வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. ஷலபி பந்தம் பிடிக்க வேண்டும், அவரை விட்டால் வாசிக்க வேறு ஆளும் இல்லை. பையூமி வட்டத்தில் தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து கம்பியை முறுக்கினான். பாட்டு எழுந்தது. பிள்ளைகள் குதித்தார்கள். எரிகிற பந்தத்தை ஒருவன் ஷலபியின் கையில் கொடுத்தான்.

ஷலபி மேடைக்குப் போனார். பந்தத்தைத் தூக்கினார். எதிரே அந்த முகம். தூங்கி வழிகிற கண்ணும் சரிந்த தோளுமாக, இருபது வருஷம் எதிரில் உட்கார்ந்து வாசித்த முகம். கை அப்படியே நின்றது. ஜனம் தட்டிக்கொண்டே இருந்தது, அவர் வைக்கவில்லை. திரும்பி, “போலீஸ் வரும்டா, வேணாம், எறக்குங்க,” என்றார். கண் கலங்கியிருந்தது. மறைக்கக்கூட இல்லை.

படிக்கட்டில் கதவுச் சத்தம் கேட்டது. தௌலத் இறங்கி வந்தாள். வெளியே போகிற கறுப்பு அங்கி, கையில் துணிப்பை. பையைக் கரீமானிடம் கொடுத்தாள். கூட்டத்துக்குள் நேராக நடந்து அண்ணன் கையிலிருந்து பந்தத்தை வாங்கினாள்.

“தௌலத், வேணாம்மா,” என்றார் ஷலபி. “எனக்கு ஆறிப்போச்சு.”

“எனக்கு ஆறலண்ணே.”

நீலச் சட்டையின் கீழ்ப் பட்டன் இருக்கிற இடத்தில் வைத்தாள். காய்ந்த வைக்கோல், இஸ்திரிச் சட்டை. நிமிஷத்தில் மார்புவரை ஏறியது. எல்லாரும் கத்தினார்கள். அந்தக் கத்தலுக்கு நடுவில் சிம்சிமியா நின்றுபோனது. பையூமி பொம்மையைப் பார்க்கவில்லை. முதல் தடவையாக அவன் பெண்டாட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தௌலத் திரும்பினாள். அவள் புருஷனை ஒருமையில் பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

“ஏன் நிறுத்திட்ட? நல்லா வரைஞ்சிருக்க. உன்ன மாதிரியே இருக்கு. வாசி.”

பந்தத்தை மேடைமேல் போட்டுவிட்டு, கரீமானிடமிருந்து பையை வாங்கிக்கொண்டு அண்ணன் வீட்டுப் பக்கம் நடந்தாள். கூட்டம் காத்திருந்தது. தப்லாக்காரன் அவனைப் பார்த்தான், ஸ்பூன்காரர்கள் பார்த்தார்கள். பாதியில் நிற்கிற பாட்டு தெருவுக்கு ஆகாது.

“ஆகட்டும்,” என்றான் பையூமி, யாரிடமும் இல்லாமல். பிறகு வாசித்தான்.